யாரும் தேடாத ஹார்மோன்

தைராய்டு சுரப்பியை முழுதாக எடுத்துவிட்ட ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் எழுதிக் கொடுப்பது தைராக்சின் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, ஆயுள் முழுக்க. தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளுக்கு அறுவையின்போது அடி பட்டிருந்தால் கால்சியமும் வைட்டமின் டி-யும் சேரும். அதோடு சீட்டு முடிந்துவிடும். ஆனால் எடுத்தெறிந்த சுரப்பியோடு இன்னொரு ஹார்மோனும் போயிருக்கிறது. அதன் பெயர் கால்சிட்டோனின். அதற்கு ஈடாக யாரும் மாத்திரை எழுதுவதில்லை, ஊசி போடுவதில்லை. ஒரே ஒரு வகை நோயாளியைத் தவிர (அவரிடம் பிறகு வருவோம்) மற்றவர்களுக்கு அதை அளந்துகூடப் பார்ப்பதில்லை. நோயாளிக்கும் அது போனது தெரியாது.

ஒரு ஹார்மோன் என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க மருத்துவம் கையாண்ட பழைய வழி எளிமையானது: அது இல்லாமல் போனால் உடலில் எது கெடுகிறது என்று பார். இன்சுலின் போனால் சர்க்கரை ஏறுகிறது. தைராக்சின் குறைந்தால் உடல் மந்தமாகிறது, குளிர் தாங்கவில்லை, முடி கொட்டுகிறது. இந்தச் சோதனையில் கால்சிட்டோனின் தேறவே இல்லை. இல்லாமல் போனாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒருவகைப் புற்றுநோயில் அது ஆயிரம் மடங்குக்கு மேல் கூடும். அப்போதும் அது கட்டுப்படுத்துவதாகச் சொல்லப்படும் ரத்தக் கால்சியம் அசைவதில்லை. உடல் இப்படி உதாசீனம் செய்யும் ஒரு பொருளை மருத்துவம் மட்டும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மருந்தாக விற்றது, பிறகு சந்தேகப்பட்டது. அதன் அளவை வைத்துப் புற்றுநோயைப் பிடித்தது. அதன் முன்வடிவத்தை வைத்துக் கிருமித் தொற்றை அளந்தது. அதன் மரபணுவில் ஒளிந்திருந்த வேறொரு மூலக்கூறைத் துரத்திக்கொண்டு போய் ஒற்றைத் தலைவலிக்கு மருந்து கண்டது. என்னைக் கேட்டால், தைராய்டில் பிறக்கும் மூன்று ஹார்மோன்களில் சுவாரசியமானது இதுதான்.

கதை கால்சியத்தில் தொடங்குகிறது. வளர்ந்த மனித உடலில் கால்சியம் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். ரத்தத்தில் இருப்பதோ ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரைதான். ஆனால் தசை சுருங்குவதும், நரம்பு பேசுவதும், இதயம் தாளம் தப்பாமல் இருப்பதும், ரத்தம் உறைவதும் இந்தச் சிறு பங்கை நம்பித்தான். அது குறைந்தால் வாயைச் சுற்றி மரத்துப்போகும், கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும். மிகவும் கூடினால் தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம், கடைசியில் மயக்கம்.

குறையும் கால்சியத்தை ஏற்றிவிடுவது யார் என்பது முன்பே தெரியும்: பாராதைராய்டு. தைராய்டின் பின்புறம் அரிசிமணி அளவில் பொதுவாக நான்கு இருக்கும். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்டு ஓவன் 1850-இல் இதைக் குறிப்பிட்டார். மனிதரில் அதை 1880-இல் தெளிவாக விவரித்தவர் சுவீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம். உடற்கூறியலில் பெரிய உறுப்பு எதுவும் இனிப் பாக்கியில்லை என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், அவ்வளவு பெரிய காண்டாமிருகம்தான் அவ்வளவு சிறிய சுரப்பியைக் காட்டிக்கொடுத்தது.

ஏற்றிவிட ஒருவர் இருக்கிறார், சரி. இறக்கிவிட யார்? பாராதைராய்டு தன் சுரப்பை நிறுத்திக்கொண்டாலே கால்சியம் தானாக இறங்கிவிடும் என்றுதான் நினைத்திருந்தார்கள். கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹெரால்டு காப் இதை நாய்களிடம் சோதித்தார். தைராய்டும் பாராதைராய்டும் இருக்கும் பகுதிக்குள் கால்சியம் மிகுந்த ரத்தத்தைச் செலுத்தினார். உடல் முழுதும் கால்சியம் இறங்கியது. விஷயம் அதன் வேகத்தில் இருந்தது. சுரப்பிகளை வெட்டி எடுத்துவிட்டாலும் கால்சியம் இறங்கத்தான் செய்யும். ஆனால் அதைவிட வேகமாக இங்கே இறங்கியது. வெறுமனே ஒரு சுரப்பு நின்றுபோனதால் மட்டும் இப்படி நடக்காது. இறக்கிவிடும் ஒன்று வேலை செய்தாக வேண்டும். 1961-இல் அதை அறிவித்தார். கால்சிட்டோனின் என்று பெயரும் வைத்தார்.

ஒரு தவறு மட்டும் ஒட்டிக்கொண்டது. அது பாராதைராய்டிலிருந்து வருகிறது என்று காப் நினைத்தார். நாயின் கழுத்தில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதால் எது எதைச் சுரக்கிறது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. ஹார்வர்டில் ஹிர்ஷ், மன்சன் குழுவினர் எலிகளில் ஒரு முரணைக் கவனித்தார்கள். பாராதைராய்டுகளைக் கத்தியால் வெட்டி எடுத்தால் கால்சியம் மெதுவாக இறங்கியது. சூடு வைத்துப் பொசுக்கினால் சட்டென்று இறங்கியது. சூடு பக்கத்திலிருந்த தைராய்டைச் சீண்டி, அதற்குள் சேமித்திருந்த எதையோ வெளியே கொட்டவைத்தது. 1963-இல் அவர்கள் தைராய்டைக் கைகாட்டினார்கள். மறு ஆண்டே லண்டனின் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் இயன் மெக்கின்டயர் குழு ஆட்டைத் தேர்ந்தெடுத்து வழக்கை முடித்தது. ஆட்டில் பாராதைராய்டுக்குத் தனியாக ரத்தம் செலுத்த முடியும். அதற்கு மட்டும் கால்சியம் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. தைராய்டும் சேர்ந்தபோது கால்சியம் இறங்கியது. சரியான மிருகத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதி ஆராய்ச்சி.

தைராய்டில் எங்கிருந்து? தைராக்சின் செய்யும் செல்கள் சிறுசிறு உருண்டைப் பைகளாகச் சூழ்ந்து அமர்ந்திருக்கும். அவற்றின் இடுக்கில் ஆங்காங்கே வேறு சாயம் பிடிக்கும் சில செல்கள் கிடக்கும். எண்ணிக்கையில் மிகச் சொற்பம். கால்சிட்டோனினைச் சுரப்பவை இவையே என்று காட்டி, 1966-இல் அவற்றுக்கு ‘சி செல்’ என்று பெயரிட்டவர் அதே ஹாமர்ஸ்மித்தின் எவரார்டு பியர்ஸ். கருவில் இவை நரம்புத் திசுவிலிருந்து புறப்பட்டு வருகின்றன என்பது அவர் கொள்கை. பாடநூல்கள் அரை நூற்றாண்டாக அதையே சொல்லின. 2015-இல் எலிக் கருக்களில் செல்களின் வம்சாவளியைத் தடம்பிடித்துப் பார்த்தவர்கள், அவை தொண்டைக் குழாயின் உட்சுவரிலிருந்து, அதாவது தைராய்டின் மற்ற செல்கள் வரும் அதே அடுக்கிலிருந்து வருகின்றன என்று காட்டினார்கள். பாடநூல்களில் பல இன்னும் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

மீன்களிலும் பறவைகளிலும் இந்தச் செல்கள் தைராய்டுக்குள் இல்லை. கழுத்துப் பக்கம் தனிச் சுரப்பியாக இருக்கின்றன. பாலூட்டிகளில்தான் அவை தைராய்டுக்குள் வந்து கலந்துவிட்டன. 1967-இல் காப் குழு சுறாவிலும் கோழியிலும் அந்தத் தனிச் சுரப்பியில் கால்சிட்டோனினைக் கண்டது. பிறகு சால்மன் மீனுக்குப் போனார்கள். அங்கேதான் மருந்துக் கம்பெனிகளின் கண் விழுந்தது. கால்சிட்டோனின் 32 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி. சால்மனின் சங்கிலிக்கும் மனிதனுடையதற்கும் ஏறக்குறைய பாதி இடங்களில் வேறுபாடு. இருந்தும் மனித உடலில் மனித ஹார்மோனைவிடச் சால்மனுடையது பல பத்து மடங்கு வீரியமாக வேலை செய்கிறது. மீனின் ஹார்மோன் நம் செல்களின் ஏற்பிகளை இறுகப் பற்றிக்கொண்டு எளிதில் விடுவதில்லை. மருந்துக்கடைக்கு வந்த கால்சிட்டோனின் பெரும்பாலும் சால்மன் கால்சிட்டோனின்தான். இன்று அதற்கு மீன் பிடிக்க வேண்டியதில்லை, ஆய்வகத்தில் செய்துகொள்கிறார்கள்.

மருந்தாக அது என்ன செய்கிறது என்பதில் குழப்பம் இல்லை. எலும்பு நாம் நினைப்பதுபோல் அசையாப் பொருள் அல்ல. ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் பெரிய செல்கள் அதன்மேல் ஊர்ந்து, அமிலம் விட்டு, பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும்; பின்னாலேயே வேறு செல்கள் புதிதாகக் கட்டிக்கொண்டு வரும். எலும்பைக் கரைக்கும் பக்கத்தில் ஆஸ்டியோகிளாஸ்டுக்குக் குஞ்சம்போல் ஒரு மடிப்பு ஓரம் உண்டு. கால்சிட்டோனின் பட்டவுடன் சில நிமிடங்களில் செல்லின் அசைவு நிற்கும். பிறகு உடலைச் சுருக்கிக்கொள்ளும், அந்த மடிப்பு ஓரமும் மறையும். எலும்பு கரைவது நிற்க, ரத்தத்துக்கு வரும் கால்சியமும் நிற்கும். சிறுநீரகமும் கொஞ்சம் கூடுதலாகக் கால்சியத்தை வெளியேற்றும்.

இவ்வளவு தெளிவாக வேலை செய்யும் ஒன்று இயல்பான மனித உடலில் ஏன் தேவையற்றதாய்த் தோன்றுகிறது? ஒரு விளக்கம், ஆஸ்டியோகிளாஸ்டுகளுக்கு அது சீக்கிரம் பழகிவிடுகிறது என்பது. தொடர்ந்து கால்சிட்டோனின் பட்டால் செல் தன் மேற்பரப்பிலிருக்கும் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் புற்றுநோயில் அளவு தாறுமாறாக ஏறினாலும் கால்சியம் இறங்குவதில்லை. ஆனால் இல்லாதபோதும் ஏன் குறை தெரிவதில்லை என்பதற்கு இது விடையாகாது. அதற்குச் சொல்லக்கூடியது: வயது வந்த மனிதரில் எலும்பு கரையும் வேகம் குறைவு, பாராதைராய்டும் வைட்டமின் டி-யும் சிறுநீரகமும் சேர்ந்து காரியத்தைச் சமாளித்துவிடுகின்றன.

கால்சிட்டோனின் மரபணுவை நீக்கிய எலிகள் இதை இன்னும் சிக்கலாக்கின. எலும்பைக் காக்கும் ஹார்மோன் இல்லாவிட்டால் எலும்பு மெலிய வேண்டும். அவற்றின் எலும்போ கூடுதல் கனத்தோடு இருந்தது. எதிர்பார்ப்புக்கு நேர் எதிர். அந்த எலிகள் குட்டி போட்டுப் பாலூட்டியபோதுதான் குறை வெளியே வந்தது. பாலூட்டும் தாய் தன் எலும்பைக் கரைத்துத்தான் பாலுக்குக் கால்சியம் கொடுக்கிறாள். எலிகளில் இது மிக அதிகம். சாதாரண எலி பாலூட்டும் காலத்தில் முதுகெலும்பின் கனிமத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இழந்து, பிறகு மீட்டுக்கொள்கிறது. கால்சிட்டோனின் இல்லாத எலி பாதிக்கு மேல் இழந்தது. பால் குடி மறந்தபின் அதையும் மீட்டுக்கொண்டது, சற்றுத் தாமதமாக. தாயின் எலும்பு ஒரேயடியாகக் கரைந்துபோகாமல் பிடித்துவைப்பது இந்த ஹார்மோனின் உண்மையான வேலையாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். எலியில் கண்டதை மனிதத் தாய்க்கு அப்படியே நீட்டிவிட முடியாது. ஆனாலும் இதுவரை சொல்லப்பட்ட காரணங்களில் எனக்கு நம்பத்தக்கதாகப் படுவது இது ஒன்றே. நாயிலும் ஆணெலியிலும் தேடிக்கொண்டிருந்தவர்கள் பாலூட்டும் தாயைப் பார்க்க நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது.

உடல் தேடாததை மருந்துக்கடை தேடியது. எலும்புகள் தாறுமாறாகக் கரைந்து தாறுமாறாகக் கட்டப்படும் பேஜட் நோய்க்கு 1970-களில் சால்மன் கால்சிட்டோனின் ஊசி வந்தது. 1980-களில் மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புப்புரைக்கும் அது அனுமதி பெற்றது. 1995-இல் அமெரிக்காவில் மூக்கில் அடித்துக்கொள்ளும் ஸ்பிரேயாகவே வந்துவிட்டது. ஊசி வேண்டாம், மூக்கில் ஒரு அடி போதும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அதன் பலனுக்குச் சான்றாகக் காட்டப்பட்ட பெரிய ஆய்வில் 1,255 பெண்கள் இருந்தார்கள். ஐந்து ஆண்டு. ஒரு நாளைக்கு 200 யூனிட் எடுத்தவர்களில் புதிய முதுகெலும்பு முறிவுகள் 33 சதவீதம் குறைந்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 100 யூனிட் எடுத்தவர்களுக்கும், இன்னும் வியப்பாக 400 யூனிட் எடுத்தவர்களுக்கும், அப்படித் தெளிவான பலன் இல்லை. ஆய்வில் சேர்ந்த பெண்களில் பாதிக்கு மேல் நடுவிலேயே விலகியும்விட்டார்கள். இடுப்பு முறிவைத் தடுக்கும் என்று அது காட்டவே இல்லை. இவ்வளவு தள்ளாடும் சான்றின் மேல் ஒரு மருந்து இத்தனை காலம் நின்றது.

சரிவு 2012-இல் வந்தது. நீண்டகாலம் கால்சிட்டோனின் எடுத்தவர்களிடம் பல வகைப் புற்றுநோய்கள் சற்றுக் கூடுதலாக இருப்பதை ஐரோப்பிய மருந்து முகமை ஆய்வுத் தரவுகளிலிருந்து எடுத்துக் காட்டியது. வாய்வழி மருந்தில் கூடுதல் 0.7 சதவீதம், மூக்கு ஸ்பிரேயில் 2.4 சதவீதம். கால்சிட்டோனினே அதற்குக் காரணமா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் முகமை எடுத்த முடிவில் நியாயம் இருந்தது: பலன் மெல்லியது, அபாயம் சிறிதானாலும் உண்டு, வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் ஸ்பிரே போய்விட்டது. குறுகிய காலத் தேவைகளுக்கு ஊசி மட்டும் மிஞ்சியது.

அந்தக் குறுகிய காலத் தேவைகளில் ஒன்றுக்கு இன்றும் அதற்கு நல்ல மாற்று இல்லை. முற்றிய புற்றுநோயில் சிலருக்கு ரத்தக் கால்சியம் 14, 15 என்று ஏறி, நோயாளி பேச்சுக் குழறி மயங்கும் நிலைக்குப் போவார். கால்சியத்தை நிலையாக இறக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் முழுதாக வேலை செய்ய இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். கால்சிட்டோனின் சில மணி நேரத்திலேயே இறக்கத் தொடங்கும். இரண்டு நாளில் செல்களுக்குப் பழகி, பலனும் தீர்ந்துபோகும். அதனால் என்ன? இரண்டு நாள்தான் தேவை. அவசரப் பிரிவில் நரம்பு வழி உப்புநீரும் இந்த ஊசியும் பிஸ்பாஸ்போனேட்டும் ஒன்றாகத் தொடங்குவது இந்தக் கணக்கில்தான்.

இப்போது அந்த ஒரே வகை நோயாளி. தைராய்டுப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை தைராக்சின் செய்யும் செல்களில் வருபவை. பெரும்பாலும் அவை சாது. சில சதவீதம் மட்டும் சி செல்களில் வருகின்றன. மெடுல்லரி வகை என்று பெயர். கதிரியக்க அயோடின் கொடுத்து இவற்றைக் கரைக்க முடியாது, ஏனென்றால் சி செல்கள் அயோடினைத் தொடுவதே இல்லை. கால்சிட்டோனினை மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும். கட்டிக்குள்ளேயே அந்த ஹார்மோன் அமிலாய்டு படிவாகக் குவிந்து கிடப்பதும் உண்டு. மனிதக் கால்சிட்டோனினின் அமினோ அமில வரிசையே 1968-இல் இத்தகைய கட்டிகளிலிருந்து எடுத்த ஹார்மோனில்தான் படிக்கப்பட்டது. இயல்பான தைராய்டில் அதைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு கடினம்.

உடலுக்குள் வேறெங்கும் ஏறக்குறைய யாரும் சுரக்காத ஒரு பொருளைக் கட்டி சுரக்கிறது என்றால் மருத்துவருக்கு அதைவிட நல்ல துப்பு கிடைக்காது. ரத்தத்தில் இயல்பாக மில்லிலிட்டருக்குப் பத்து பிகோகிராமுக்குள் இருக்கும் கால்சிட்டோனின் நூறைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது. அறுவைக்குப்பின் அது அளக்கமுடியாத அளவுக்கு இறங்கினால் நிம்மதி. மீண்டும் ஏறினால், எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக இரட்டிப்பாகிறது என்பதையே பார்க்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பானால் கவலைக்கிடம். இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டால் நோயாளி நெடுநாள் வாழ வாய்ப்புண்டு. அப்படியானால் தைராய்டுக் கட்டியோடு வரும் எல்லோருக்கும் இதை அளந்துவிடலாமே? ஐரோப்பாவில் சில நாடுகளில் அளக்கிறார்கள். அமெரிக்கத் தைராய்டு சங்கமோ 2015-இல் அளக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. நூற்றில் சில பேரைப் பிடிக்க எல்லோரையும் அளந்தால், லேசாகக் கூடியிருப்பவர்கள் பலர் காரணமில்லாமல் பயந்து கத்திக்குப் போவார்கள் என்பது எதிர்வாதம்.

இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய நாலில் ஒன்று பரம்பரையாக வருவது. 1970-களில் அத்தகைய குடும்பங்களின் பிள்ளைகளை ஆண்டுதோறும் அழைத்து, பென்டகாஸ்ட்ரின் ஊசி போட்டுச் சி செல்களைச் சீண்டி, கால்சிட்டோனின் துள்ளுகிறதா என்று அளந்தார்கள். ஊசி போட்ட சில நிமிடம் நெஞ்சை அடைத்து வயிற்றைப் புரட்டும். குழந்தைகள் அதற்கு அஞ்சுவார்கள். 1993-இல் ‘ரெட்’ என்னும் மரபணுவின் பிழைதான் காரணம் என்று தெரிந்தது. அதன்பின் ஒரே ரத்தப் பரிசோதனையில் பிழை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். இல்லாத பிள்ளைக்கு ஆயுளுக்கும் விடுதலை. இருக்கிற பிள்ளைக்குப் புற்றுநோய் வருமுன்பே தைராய்டை எடுத்துவிடுகிறார்கள். பிழை மரபணுவில் எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து வயது மாறும். 634-ஆம் இடத்தில் என்றால் ஐந்து வயதுக்குள். 918-ஆம் இடத்தில் என்றால் பிறந்த முதலாண்டிலேயே. நோயே இல்லாத கைக்குழந்தையின் கழுத்தில் கத்தி வைக்கச் சம்மதம் கேட்பது எந்த மருத்துவருக்கும் எளிதாக இருக்காது. ஆனால் கேட்டாக வேண்டும்.

1993 இன்னொரு காரணத்துக்காகவும் இந்தக் கதையில் முக்கியமான ஆண்டு. இத்தகைய சிறு புரத ஹார்மோன்கள் நேராகப் பிறப்பதில்லை. முதலில் நீளமான சங்கிலியாக உருவாகி, வேண்டாத இரு முனைகளும் கத்தரிக்கப்பட்டு, நடுவிலிருப்பது ஹார்மோன் ஆகும். கால்சிட்டோனினுக்கு முந்தைய நீளச் சங்கிலி புரோகால்சிட்டோனின். 116 அமினோ அமிலம். நலமாக இருப்பவர் ரத்தத்தில் இது ஏறக்குறைய இல்லை. மார்செல் அசிகோ, குளோடு பொவோன் ஆகிய பிரெஞ்சு ஆய்வாளர்களின் குழு, தொற்று இருக்கலாம் என்ற சந்தேகத்தில் சேர்க்கப்பட்ட 79 குழந்தைகளிடம் அதை அளந்தது. கடுமையான பாக்டீரியாத் தொற்று உள்ள குழந்தைகளிடம் அது மில்லிலிட்டருக்கு 6 முதல் 53 நானோகிராம் வரை ஏறியிருந்தது. இயல்பு 0.1-க்கும் கீழ். வைரஸ் தொற்றில் அவ்வளவு ஏறவில்லை. நோய் ஆற ஆற இறங்கியது. எல்லாவற்றையும்விட விநோதம், தைராய்டை முழுதாக எடுத்துவிட்ட ஒருவரிடமும் அது ஏறியது.

அப்படியென்றால் அது தைராய்டிலிருந்து வரவில்லை. பாக்டீரியா ரத்தத்தில் பரவும்போது ஈரல், நுரையீரல், கொழுப்பு, தசை என்று உடலின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களும் அதுவரை மூடிவைத்திருந்த இந்த மரபணுவைத் திறக்கின்றன என்று பின்னர் தெரிந்தது. ஆனால் சங்கிலியை வெட்டிப் பதப்படுத்திச் சேமிக்கும் கருவிகள் சி செல்லிடம் மட்டுமே முறையாக இருக்கின்றன. மற்ற செல்கள் கத்தரிக்காத சங்கிலியை அப்படியே ரத்தத்தில் விட்டுவிடுகின்றன. வைரஸ் வந்தால் உடல் சுரக்கும் இன்டர்பெரான் காமா இந்தத் திறப்பை அடக்கிவைக்கிறது. பாக்டீரியாவையும் வைரஸையும் ஓரளவு பிரித்துக் காட்டும் ரகசியம் அதுதான். வெறும் சாட்சியாக மட்டும் இது நிற்பதில்லை என்பதற்கும் சான்று உண்டு: செப்சிஸ் வந்த வெள்ளெலிகளுக்குப் புரோகால்சிட்டோனினைச் செலுத்தியபோது சாவு கூடியது, அதைத் தடுக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தபோது குறைந்தது.

கோவிட் காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் பரிசோதனைத் தாள்களில் இந்தப் பெயரைப் பல குடும்பங்கள் முதன்முறையாகப் பார்த்திருக்கும். வைரஸ் நோயாளிக்குப் பாக்டீரியாவும் சேர்ந்து தாக்குகிறதா, ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று அறியத்தான் அது. அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? பெரிய அறுவை, விபத்து, மலேரியா ஆகியவற்றிலும் அது ஏறும். சிறுநீரகச் செயலிழப்பில் கூடியே நிற்கும். நெதர்லாந்தில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு இந்த அளவு இறங்கியதைப் பார்த்து மருந்தை நிறுத்தியபோது ஆன்டிபயாடிக் நாட்கள் ஏழிலிருந்து ஐந்தாகக் குறைந்தன. இறப்பு கூடவில்லை, குறையவே செய்தது. இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவில், கீழ்ச் சுவாசப்பாதைத் தொற்று இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்த 1,656 பேரிடம் இதே அளவீட்டை மருத்துவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆன்டிபயாடிக் உபயோகத்தில் வித்தியாசமே இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்தலாம் என்று சொல்வதில் இந்த எண் கெட்டி, தொடங்கலாமா என்று சொல்வதில் அவ்வளவு இல்லை. நோயாளியைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு எதிலும் இல்லை.

மரபணுவுக்குள் இருந்த இன்னொரு சரக்கு வெளிப்பட்டதும் கட்டிகளால்தான். கலிபோர்னியாவில் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் ரொனால்டு எவன்ஸும் எலியின் மெடுல்லரி கட்டிச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து வந்தார்கள். அவற்றில் சில தாமாகவே கால்சிட்டோனின் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு, அதே மரபணுவிலிருந்து வேறு நீளமுள்ள ஆர்என்ஏ-வைத் தரத் தொடங்கின. மரபணு மாறவில்லை. அதன் நகலை வெட்டி ஒட்டுவதில்தான் மாற்றம். ஒரே படச்சுருளை இரண்டு எடிட்டர்கள் கையில் கொடுத்தால் தொடக்கக் காட்சிகள் ஒன்றாகவும் முடிவு வேறாகவும் இரண்டு படம் வருவது போல, தைராய்டில் நான்காம் துண்டோடு முடித்தால் கால்சிட்டோனின். நரம்புச் செல்லில் நான்காவதை வெட்டி எறிந்துவிட்டு ஐந்தையும் ஆறையும் சேர்த்தால் முற்றிலும் வேறொரு மூலக்கூறு. 1982-இல் அப்போது ஆய்வு மாணவியாக இருந்த சூசன் அமாரா முதல் ஆசிரியராக வெளியான கட்டுரை இதைச் சொன்னது. விலங்கின் சொந்த மரபணு ஒன்று திசுவுக்குத் திசு வேறு பொருளைத் தரும் என்பதற்கு மிகத் தொடக்ககால உதாரணங்களில் ஒன்று இது. அந்த இரண்டாவது மூலக்கூறுக்குச் சிஜிஆர்பி என்று பெயர். 37 அமினோ அமிலம். கால்சியத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ரத்த நாளங்களை விரிப்பதில் அது அசகாய சூரன்.

முகத்துக்கும் மூளை உறைக்கும் உணர்ச்சி தரும் முப்பெரு நரம்பில் அது நிறைந்திருந்தது. ஒற்றைத் தலைவலி ஆராய்ச்சியாளர்களுக்கு அது போதும். பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் தலைவலி உச்சத்தில் இருந்தவர்களின் கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து அளந்தபோது சிஜிஆர்பி கூடியிருந்தது, 1990-இல் வெளியிட்டார்கள். 2002-இல் டென்மார்க்கில் அடுத்த சோதனை: ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குச் சிஜிஆர்பியை நரம்பு வழியே செலுத்தினால் தலைவலி வருகிறதா? வந்தது. அதன்பின் அதைத் தடுக்கும் மருந்துக்கான ஓட்டம். முதல் மாத்திரைகளில் ஒன்று ஈரலைப் பாதித்ததால் கைவிடப்பட்டது. 2018-இல் எரெனுமாப் என்னும் எதிர்ப்பொருள் ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது, மாதம் ஒருமுறை. ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதற்கென்றே முதலிலிருந்து வடிவமைத்த மருந்துக் குடும்பம் இது. அதற்கு முன்பு தந்ததெல்லாம் ரத்த அழுத்தத்துக்கும் வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் வந்த மருந்துகளின் கடன்.

பலனை மிகைப்படுத்தவும் கூடாது. எரெனுமாபின் முக்கிய ஆய்வு ஒன்றில், கூடுதல் அளவு பெற்றவர்களில் சரிபாதிப் பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தன. வெற்று ஊசி பெற்றவர்களிலும் 26.6 சதவீதம் பேருக்குக் குறைந்தன. மாதத்தில் ஒன்றிரண்டு நாள் கூடுதல் நிம்மதி என்பதுதான் சராசரிக் கணக்கு. ஆனால் சராசரிக்குள் ஒளிந்திருப்பவர்கள் உண்டு. சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு வாழ்க்கையே திரும்பக் கிடைக்கும். கோட்ஸ்பி, எட்வின்சன், மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் நால்வருக்கும் 2021-இல் மூளை ஆராய்ச்சிக்கான பிரெய்ன் பரிசு கிடைத்தது.

மறந்துபோன ஒரு பழைய சோதனை மிச்சம் இருக்கிறது. 1979-இலேயே, கால்சிட்டோனின் செலுத்தப்பட்ட எலிகள் குறைவாகத் தின்கின்றன என்று ஒரு குழு எழுதியிருந்தது. கால்சிய ஹார்மோனுக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் விளங்கவில்லை. இருபது ஆண்டு கழித்து ஏற்பிகளின் அமைப்பு தெரிந்தபோது விடை வந்தது. கால்சிட்டோனினுக்கான ஏற்பியோடு சிறு துணைப் புரதம் ஒன்று சேர்ந்தால் அது அமைலின் என்னும் வேறொரு ஹார்மோனுக்கான ஏற்பி ஆகிவிடும். அமைலின், இன்சுலினோடு சேர்ந்து கணையம் சுரப்பது. சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் சொல்வது. சால்மன் கால்சிட்டோனின் அந்த ஏற்பியையும் பற்றிக்கொண்டு எலியின் பசியை அடக்கியிருக்கிறது.

இன்று உடல் எடை குறைக்கப் புகழ்பெற்ற செமாகுளுடைடு ஊசிக்கு அமெரிக்காவில் கட்டம் கட்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு: மெடுல்லரி தைராய்டுப் புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ வந்தவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. எலிகளில் அந்த வகை மருந்து சி செல் கட்டிகளை உண்டாக்கியதே காரணம். எலியின் சி செல்களில் அந்த மருந்துக்கான ஏற்பிகள் ஏராளம், மனிதரில் மிகக் குறைவு. ஆகவே மனிதருக்கும் அந்த ஆபத்து உண்டா என்பது முடிவாகவில்லை. செமாகுளுடைடோடு காக்ரிலின்டைடு என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துச் செய்த பெரிய ஆய்வு 2025-இல் வெளியானது. 68 வாரத்தில் சராசரி எடைக்குறைவு 20.4 சதவீதம். காக்ரிலின்டைடு அமைலினை மாதிரியாக வைத்துச் செய்த மருந்து. அமைலின் ஏற்பியோடு கால்சிட்டோனின் ஏற்பியிலும் அது வேலை செய்கிறது. அதாவது அந்தக் கூட்டு மருந்தில் ஒரு பாதி, கால்சிட்டோனினைச் சுரக்கும் செல்லைத் தொந்தரவு செய்யுமோ என்ற அச்சத்தோடு விற்கப்படுகிறது. மறு பாதி கால்சிட்டோனினின் இடத்தில் போய் உட்கார்ந்து வேலை வாங்குகிறது.